இசைக்குழு இல்லாத இசைநிகழ்ச்சி

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குச் சித்திரம் கற்பிக்கும் எனக்கு, ஓவிய ரசனை வகுப்பில் மிக விருப்பமான படைப்பு எடுவார் மனே 1862இல் தீட்டிய ‘துய்லரி பூங்காவில் இசை’. ஏறத்தாழ 76 செ.மீ உயரமும் 118 செ.மீ அகலமும் கொண்ட அந்த ஓவியத்தில் பரிஸ் நகரத்துக் கனவான்களும் சீமாட்டிகளும் மரங்களின் கீழ் நெருங்கிக் கூடியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் மனே நிற்கிறார். கவிஞர் போதலேரும் இசையமைப்பாளர் ஒஃபன்பாக்கும் கூட்டத்தில் கலந்திருக்கிறார்கள். இப்பெயர்களை மனனம் செய்வது பரீட்சைக்கு உதவலாம். ஓவியத்தைப் பார்க்க உதவாது.

அதனால் தலைப்பை மறைத்துவிட்டு, இந்தச் சனம் எதற்காகக் கூடியிருக்கிறது என்று கேட்பேன். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஆண்டுதோறும் செல்லும் மாணவி ஒருத்தி சொன்னாள்: “கோயிலெண்டால் எல்லாரும் ஒரு பக்கம் பாத்துக்கொண்டு நிப்பினம், சேர். இதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு பக்கம் பாக்கினம்.”

அந்த ஓவியத்தைப் பற்றி என் வகுப்பில் நான் கேட்ட மிகச் சிறந்த கூற்று அதுதான். தலைப்பில் இசை இருக்கிறது. ஓவியத்தில் வாத்தியமும் இல்லை, வாசிப்பவரும் இல்லை. முன்னால் அமர்ந்திருக்கும் பெண்கள் இருவர் நம்மை நோக்குவதால், இசைக்குழுவின் இடத்திலேயே நாம் நிற்கிறோம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஏனையோர் பேச்சில் ஆழ்ந்திருக்க, குழந்தைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, இசையைவிட ஒருவரையொருவர் காண்பதற்கும் காணப்படுவதற்குமே அவர்கள் வந்தார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முக்கியமான ஒருவரை எதிர்பார்த்து நம் கண் நடுப்பகுதிக்குப் போனால், அங்கே விரைந்த தூரிகைத் தீற்றல்களாக உருவங்கள் கலங்கிக் கிடக்கின்றன. 1863இல் ஓவியம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பலருக்கு எரிச்சலூட்டிய இந்த முடிக்கப்படாத தோற்றத்தை நான் குறையாகக் கருதவில்லை. கூட்டத்துக்குள் நிற்பவருக்கு எல்லா முகமும் ஒரே தெளிவில் தெரிவதில்லை அல்லவா?

திருவிழாக் காட்சி வரையக் கொடுக்கும்போது, “நீங்கள் எங்கை நிண்டு பாக்கிறியள்?” என்பதையே இப்போது முதலில் கேட்கிறேன். கோயிலை நடுவில் வைத்து, சுற்றிலும் ஒரே அளவான தலைகளை அடுக்கும் வழக்கம் அதன்பின் வெகுவாகக் குறைகிறது. சிலர் பொங்கற்பானைகளுக்குப் பின்னாலிருந்தும், சிலர் வளையல் கடை வரிசைக்குள் இருந்தும் வரையத் தொடங்குகிறார்கள்.