இரண்டு சட்டை போட்டு வந்தவள்

1990 ஆகஸ்டில் இலங்கைப் போருக்குத் தப்பி, மன்னார்த் தீவில் இருக்கும் பேசாலையில் படகு ஏறும்போது அம்மா எனக்கு இரண்டு சட்டை போட்டுவிட்டார், ஒன்றின் மேல் ஒன்று. பை தண்ணீரில் போனாலும் உடம்பில் இருப்பது போகாது என்பது அவர் கணக்கு. அடியில் வீட்டில் போடும் சீத்தைச் சட்டை (சீத்தை என்றால் அச்சடித்த பருத்தித் துணி), மேலே முந்தைய வருடம் மாதா திருநாளுக்குத் தைத்த மஞ்சள் சட்டை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தனுஷ்கோடிக்கு முன்னால் ஒரு மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் எங்களை இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. பை ஊறிக் கனத்துப் போனதால் அப்பா அதைக் கைவிட்டார். மறுநாள் காலையில் இந்தப் பக்கத்து மீனவர்கள் வத்தை என்னும் சிறு படகில் ஏற்றிக் கரை சேர்த்தபோது, எங்கள் குடும்பத்தின் உடைமை என்று இருந்தது நாங்கள் போட்டிருந்ததுதான். அப்போது எனக்குப் பதினான்கு வயது.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே சட்டை என்றால் ஆண்கள் போடுவது, அல்லது பெண்பிள்ளைகள் பாவாடைக்கு மேலே போடுவது. எங்களுக்குச் சட்டை என்றால் தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒன்றாக இறங்கும் கவுன். சின்னப் பிள்ளைகள் மட்டுமல்ல, பேரப்பிள்ளை கண்டவர்களும் எங்கள் ஊரில் வீட்டில் அதைத்தான் போடுவார்கள். அதோடே கடைக்கும் போவார்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் சேலை. கடலுக்கு அந்தப் பக்கம் தலைமன்னார், இந்தப் பக்கம் தனுஷ்கோடி, நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் தண்ணீர். பேசுவது ஒரே தமிழ். ஆனால் ஒரே சொல் இரண்டு கரையிலும் வேறு வேறு உடுப்பைக் குறித்தது. அது எனக்கு அகதிகள் முகாமின் குழாயடியில்தான் தெரிந்தது.

மண்டபம் முகாமில் ஓர் அறை கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிச் சனங்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அது. நிவாரணமாக அம்மாவுக்கு ஒரு சேலை, அப்பாவுக்கு ஒரு கைலி. நாங்கள் சாரம் என்போம். என் வயதுக்கு எதுவும் இல்லை. அதனால் மஞ்சள் சட்டையோடு குடம் எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்ற உள்ளூர் அம்மா ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, இம்புட்டு வளந்த புள்ள கவுனு போட்டுக்கிட்டு நிக்கிற. தாவணி இல்லையா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மறுநாள் தன் மகளுடைய பழைய பச்சைத் தாவணி ஒன்றை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய அந்த நல்ல மனதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் அன்று இரவு அந்தத் தாவணியைச் சுற்றிக்கொண்டு அழுதேன். ஊரை விட்டதற்கு வராத அழுகை அன்று வந்தது.

பள்ளிக்கூடத்திலும் தாவணிதான். ஊரில் வெள்ளைச் சீருடையும் கழுத்துப்பட்டியும். இங்கே நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, மேலே வெள்ளைத் தாவணி. கூடப் படித்த பிள்ளைகளுக்கு அது தானாக நின்றது. எனக்கு இரண்டு ஊக்கு குத்தினாலும் நழுவியது. ஒருநாள் கரும்பலகைக்குப் போனபோது அவிழ்ந்தே விட்டது. "சிலோன்காரிக்குத் தாவணி கட்டத் தெரியாது" என்று ஓர் ஆசிரியர் வகுப்பு முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் மறைக்க ஆரம்பித்தேன். உடுப்பு என்று சொல்லாமல் துணி என்றேன். 'ஓம்' என்ற வாயை 'ஆமா'வுக்குப் பழக்கினேன். பிளஸ் டூ முடிப்பதற்குள், நானாகச் சொன்னால் தவிர யாருக்கும் தெரியாது என்ற அளவுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அப்படி மாறவில்லை. பதிவுக்கும் ரேஷனுக்கும் போகும்போது சேலை. அறைக்குள் வந்ததும் சேலையை அவிழ்த்து மடித்துவிட்டு, அதே சீத்தைத் துணியில் கையாலேயே தைத்த சட்டை. "ஏன் அம்மா, ஆக்கள் பாப்பினம்" என்பேன். "என்ர வீட்டுக்குள்ள நான் நானா இருக்கிறன் பிள்ளை" என்பார். பத்துக்குப் பத்து அறையை வீடு என்று அவர் சொன்னது அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் தையல் படித்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எட்டு வருடம், அப்புறம் முகாம் வாசலிலேயே சொந்தமாக ஒரு மிஷின். உடுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த மிஷினுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. கீழக்கரையிலிருந்து வரும் பெரியம்மாக்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி வருவார்கள். அவர்கள் பேத்திகள், வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டுவந்த கறுப்பு அபாயாவுக்குக் கைநீளம் குறைக்கக் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் வெள்ளையும் கறுப்பும். ஒருமுறை அப்படி ஒரு பாட்டியிடம் நீங்களும் கறுப்புக்கு மாறவில்லையா என்று கேட்டேன். "இது எங்க உம்மா போட்டது" என்று துப்பட்டியின் ஓரத்தைத் தடவிக் காட்டினார்.

பாசி எடுக்கும் அக்காமாரும் வருவார்கள். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை என்று பாறையைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் பிடுங்குகிறவர்கள். சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கிழிசல் சுற்றிக் கட்டு, காலில் ரப்பர் செருப்பு. பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த உடுப்பு அது. சின்னப்பாலத்து அக்கா ஒருவர் தன் வீட்டுக்காரர் சட்டையைக் கொண்டுவந்து, "தோள் தொங்குது, எனக்குன்னு அளவெடுத்துத் தை" என்றார். கை முனையில் தண்ணீர் ஏறாதபடி இறுக்கமான பட்டி, பக்கவாட்டில் காற்று பிடிக்காத வெட்டு. அடுத்த மாதம் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கடலுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தும் ஒருவர் ஊதாப் பொத்தான்தான் வேண்டும் என்று நின்றார். அந்தப் பொத்தான் என் மனதில் நின்றுவிட்டது.

இதற்கிடையில் நைட்டி வந்திருந்தது. குழாயடியில் தாவணி கேட்ட அம்மாவும் நைட்டி போட்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்கு வந்தார். பார்த்ததும் என் அம்மாவின் சட்டைதான் நினைவுக்கு வந்தது.

அம்மா 2016-இல் போய்விட்டார். பெட்டியில் அவருடைய சட்டைகள் ஐந்து இருந்தன. நான்கைப் பத்திரமாக வைத்துவிட்டு, நைந்துபோன ஒன்றை மட்டும் பிரித்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலை ஊதிவிட்டு, துண்டுகளைப் பழைய பேப்பரில் பரப்பிச் சாக்பீஸால் வரைந்தேன். பிரித்தபோதுதான் அவர் வேலை தெரிந்தது. இடுப்பில் சுருக்கு வைத்த இடத்தில் பிசிறு வெளியே தெரியாமல் உள்ளே இரண்டு மடிப்பு. வலதுபக்கத் தையலுக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பை, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடியில் இன்னும் இரண்டு அங்குலம் துணியை மடித்து விட்டிருந்தார், எப்போதாவது இறக்கிக்கொள்ளலாம் என்று.

அந்த அளவில் எனக்கு ஒன்று தைத்தேன். துணி சீத்தை அல்ல, மதுரைச் சுங்குடி. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. வெட்டு எங்கள் ஊர், துணி இந்த ஊர். போட்டுக்கொண்டு பகலில் மண்டபம் கடைத்தெருவுக்குப் போனேன். நாற்பது வயதில், தோளில் துண்டு இல்லாமல். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மீன் விற்கும் அக்கா மட்டும் "இது எங்க வாங்குன, எனக்கொண்ணு தையேன்" என்றார். "வாங்கேல்ல, நான்தான் தைச்சனான்" என்றேன். இருபத்தாறு வருடம் கழித்து என் வாயில் என் பேச்சு அப்படியே வந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. விலை பேசினார்.

2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மறுவருடம் மார்ச்சில் இலங்கையில் பொருளாதாரம் நொடிந்து, தனுஷ்கோடிக்கு அடுத்த அரிச்சல்முனைக்கு மறுபடியும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பிள்ளையை அவள் அம்மா என் மிஷினுக்குக் கூட்டிவந்தார். பதினைந்து வயது இருக்கும். உப்பு காய்ந்து விறைத்த ஜீன்ஸும் டீ-சட்டையும். யாரோ கொடுத்த சுடிதாரைக் கையில் வைத்திருந்தாள். "இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கோ" என்றார் அம்மா.

நான் சுடிதாரை வாங்கி ஓரமாக வைத்தேன். இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "உனக்கு என்ன மாதிரி உடுப்பு வேணும் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் சட்டையின் பக்கத்தில் நான் கை விட்டிருந்த இடத்தைக் காட்டி, "அதுக்குள்ள பொக்கற் இருக்கோ?" என்றாள்.

அவளுக்கு இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தேன். அடியில் இரண்டு அங்குலம் மடித்தும் விட்டேன், வளரும் பிள்ளை.