மூன்று குரல்களில் ஒரு செவ்வாய்க் காதல்

எழுதிக்கொண்டிருக்கும் விண்வெளிக் காதல் நாவலின் நடுப்பகுதி முடிந்துவிட்டது. மட்டக்களப்பின் கல்லடிப் பெண் நிவேதா, பத்தொன்பது வயது, பொறியியலாளரான தாயோடு செவ்வாய்க்குப் போகிறாள். அவளை விரும்பும் கஜன் ஊரிலேயே நிற்கிறான், தோணி எஞ்சின் திருத்துகிறவன். விண்கப்பலில் நிவேதாவுக்குப் பக்கத்துப் படுக்கை ரிஸ்னாவுக்கு. அவள் காத்தான்குடிப் பிள்ளை. மூவரும் மாறி மாறித் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள்.

ஒரே ஆள் சொல்லும் கதையாக இதை எழுதவே முடியாது. காரணம் தூரம். ஒளி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீற்றர் போகும். சந்திரனைத் தாண்டும் வரை ஒரு சொல் போய்ச் சேர 1.3 செக்கன்தான், சிரித்துக் கதைக்கலாம். 1.8 கோடி கிலோமீற்றரில் அது ஒரு நிமிடமாகிவிடும். கேட்டதற்குப் பதில் வர இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு யாரால் கதைக்க முடியும்? பதிவுசெய்து அனுப்பவேண்டியதுதான். செவ்வாய் நமக்கு மிகக் கிட்ட வரும்போது 3 நிமிடம், மிகத் தள்ளிப் போனால் 22 நிமிடம். ஒருத்தி கோபத்தில் அனுப்பியது அவனைச் சேருமுன் அவளுக்குக் கோபம் ஆறிவிடுகிறது. இரண்டு மனமும் ஒரே நேரத்தில் எங்கே நிற்கின்றன என்பது வாசகருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வேதனைக்காகவே இந்தக் கதையைத் தொடங்கினேன்.

சண்டைக் காட்சியை எங்கே வைப்பது என்று பார்க்க நாசா செவ்வாய்க்கு அனுப்பிய பெர்சவரன்ஸ் ஊர்தியின் பயணத்தை எடுத்துக்கொண்டேன். 2020 ஜூலை 30 புறப்பட்டு 2021 பெப்ரவரி 18 இறங்கியது. இறங்கிய அன்று சமிக்ஞை பூமிக்கு வர 11 நிமிடத்துக்கு மேல் எடுத்தது. ஆகவே என் ஆட்களும் செவ்வாயை நெருங்கும் நேரத்தில்தான் சண்டை பிடிக்கிறார்கள். நிவேதா ‘இனி எனக்கு ஒன்றும் அனுப்பாதே’ என்று அனுப்பிவிடுகிறாள். அவள் அனுப்பிய சில நிமிடங்களில் கஜனுடைய பதிவு வந்து நிற்கிறது. இவள் கோபம் தெரியாமல் அவன் முன்னமே அனுப்பியது. மட்டக்களப்பு என்றால் வாவியில் பாடும் மீனின் சத்தத்தைத்தான் அனுப்புவான் என்று வாசகர் நினைப்பார்கள். அவன் அனுப்பியது இரவுக் கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம். நடுவில் கடைக்காரர் ‘முட்டை போடவா தம்பி?’ என்று கேட்பதும் அதில் இருக்கிறது. அந்தப் பதிவை அவள் திரும்பத் திரும்பக் கேட்கும் பகுதி இதுவரை எழுதியதில் எனக்கு மிகப் பிடித்தது.

குரல்களைப் பிரிப்பதற்கு நான் பேச்சை விட, யார் எதைக் கவனிக்கிறார்கள் என்பதையே அதிகம் நம்பினேன். நிவேதா தன் உடம்பைக் கவனிக்கிறாள்: எடையில்லாத இடத்தில் எலும்பு மாதத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல் தேயும், அதனால் தினமும் உடற்பயிற்சி. கஜன் இயந்திரங்களைக் கவனிக்கிறான், அவன் பகுதிகளில் வசனங்கள் குட்டையாக வரும்.

ரிஸ்னாதான் என்னை முழுதாக இழுத்துக்கொண்டாள். 2007இல் மலேசியாவின் ஷேக் முஸபர் சுக்கோர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, விண்வெளியில் எப்படித் தொழுவது என்று அந்நாட்டு அறிஞர்கள் வழிகாட்டல் ஒன்று தந்தார்கள். கஃபாவை நோக்க முடியாவிட்டால் பூமியை நோக்கலாம் என்பதும் அதில் உண்டு. இதைப் படித்ததும் ரிஸ்னாவின் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தொழுகைக்கும் பூமி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்திருப்பவள் அவள்தான். அப்புறம் ஒருநாள் நிவேதா கேட்கிறாள்: ‘ரிஸ்னா, ஊர் இப்ப எந்தப் பக்கம் புள்ள?’ கஜனைப் பார்த்தேயிராத ரிஸ்னா, அவன் இருக்கும் திசையைத் தினமும் அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறாள்.

முடிவுக்கான வழியைத் தந்தது நம் பக்கத்து வழக்கம். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். ஊரில் இருந்தபடி அவள் வருவாள் என்று காத்திருப்பது கஜனுக்குப் பொருந்தாது. அவனுடைய பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அதில் ஒரு சந்தேகமும் இல்லை: ‘அவள் எங்க இரிக்காளோ அங்கதான் மனே உனக்கு வீடு.’ செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் புறப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறைதான். அடுத்ததில் ஏற அவன் இங்கேயே படித்து, அங்கே தேவைப்படும் ஒரு ஆளாக வேண்டும். தோணி எஞ்சினில் இருந்து நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வரைக்கும் அவனைக் கொண்டுபோகும் பகுதிகளை ஆசை ஆசையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது சூரியன் குறுக்கே வரும் அத்தியாயம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையில் சூரியன் வரும்போது சமிக்ஞை குழம்பும், ஏறக்குறைய இரண்டு வாரம் அங்குள்ள ஊர்திகளுக்குக் கட்டளைகூட அனுப்பமாட்டார்கள். மூவருக்கும் பிரித்துக் கொடுக்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். இப்போது முழுவதையும் ரிஸ்னாவிடமே கொடுக்கப் போகிறேன். மற்ற இருவரும் அந்த நாட்களில் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டார்கள். அவளுக்கு வேலை இருக்கிறது, வாப்பாவுக்குச் சொல்லாத ஒரு சங்கதியும் இருக்கிறது.