ஒரே புள்ளி, இரண்டு ஊர்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நாணயங்கள் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து வருகிறேன். ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிச் சுட்டத் தெரிய வேண்டும் என்று ஆசை. மேசையில் இரண்டு காசுகள்: பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய், 2000-ஆம் ஆண்டு எஃகு ரூபாய்.

முதல் வாரம் நோட்டுத் தாளில் தேய்த்தேன். வெறும் கருமைதான் மிஞ்சியது. செவ்வாய்ப்பேட்டையில் ட்ரேசிங் தாள் வாங்கி வந்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்ததும் முதலில் எழுந்தது ஓர வளையம். அதுதான் வரம்பு. உருவத்தைச் சுற்றி மேடாக நின்று உரசலைத் தான் வாங்கிக்கொள்கிறது. உள்ளே வெள்ளையாகவே நின்ற சமதளம் களம். சுற்றி வளையும் எழுத்து வாசகம். உருவத்தின் காலடியில் கோடு கிழித்து ஆண்டு பொறிக்கும் இடத்துக்கு எக்ஸர்க் என்று பெயர். என் காசுகள் இரண்டிலும் அது இல்லை.

வரம்பும் விளிம்பும் ஒன்றென்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். விளிம்பு பக்கவாட்டுச் சுவர். தாளில் விழவே விழாது. வெள்ளி ரூபாயைக் களிமண் பட்டையில் உருட்டினேன். ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்பதரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நெடுகிலும் நெருக்கமான பற்கள். ஓரத்தைச் சீவி வெள்ளியைத் திருடினால் காட்டிக்கொடுப்பவை இந்தப் பற்களே.

முகப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். அவர் அங்கியில் கடுகை விடச் சற்றே பெரிய யானை. 1911-இல் வந்த ரூபாயில் இதன் துதிக்கை குட்டையாகிப் பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 1912-இல் அச்சைத் திருத்தினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். துதிக்கை தெளிவாக, நீளமாக இறங்குகிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் பின்பக்கம். வெள்ளி ரூபாயில் கீழே தாமரை, அதனடியில் ஒரு புள்ளி. எஃகு ரூபாயிலும் ஆண்டுக்குக் கீழே ஒரு புள்ளி. இரண்டும் நாணயச்சாலைக் குறிகள்; காசு எந்த ஊரில் அச்சானது என்று சொல்பவை. ஆனால் முன்னது பம்பாய், பின்னது நொய்டா! இன்று மும்பைக்கு வைரக்கட்டம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது.

அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்தவர். நாணயங்களுக்கான எஃகு வில்லைகளை, அதாவது இன்னும் எதுவும் பொறிக்காத வெறும் வட்டங்களை, அங்கே வெட்டி நாணயச்சாலைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எஃகு ரூபாயை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

“புள்ளி நொய்டாவுடையது. வில்லை நம் ஊருடையதாக இருக்கலாம், கண்ணு.”

அதற்கு மட்டும் குறி எதுவும் இல்லை.