வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

எங்கள் சாரணர் குழுவின் மாதாந்திரத் திட்டக் கூட்டத்தை நான் நடத்துவதில்லை. குழு முழுவதற்கும் தலைவனான ட்ரூப் லீடர் நடத்துகிறான், பள்ளியில் படிக்கிற பையன். சாரண ஆசிரியரான எனக்கு வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலி. பிள்ளையைப் புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் இதைப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க என்ன சார் பண்றீங்க?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்தது ஒரு அணி. ஒவ்வொரு அணிக்கும் அவர்களிலேயே ஒருவன் தலைவன். இந்தத் தலைவர்கள் கூடிப் பேசுவதுதான் திட்டக் கூட்டம். கோர்ட் ஆஃப் ஹானர் என்பார்கள். சில நாடுகளில் பேட்ரோல் லீடர்ஸ் கவுன்சில். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமிலேயே இதற்கு விதை விழுந்துவிட்டது. பணக்காரப் பள்ளிப் பையன்களையும் சாதாரணக் குடும்பத்துப் பையன்களையும் கலந்து ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ (ஒரு நீர்ப்பறவை) என்று நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணியும் ஒரு மூத்த பையனின் பொறுப்பு. கூடவே பெரியவர்கள் இருந்தும், தன் அணிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

என் அனுபவத்தில், கூட்டம் உருப்படுமா என்பது அது தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். அதற்கு முந்தைய வாரம் அணித்தலைவன் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்: அடுத்த மாதம் என்ன செய்யலாம், போன நடைப்பயணத்தில் எது பிடிக்கவில்லை, யாருக்கு இன்னும் முடிச்சுப் போட வரவில்லை. அப்படிப் பேசாமல் வருகிறவன் தன் சொந்த ஆசையை அணியின் பெயரில் விற்பான். எங்கள் ட்ரூப் லீடர் இதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். "இது உன் ஆசையா, உங்க அணியோடதா?" என்பான். பதில் இழுத்தால் அந்த யோசனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். நான் கேட்டிருந்தால் அது அதட்டலாகப் போயிருக்கும். அவன் கேட்கும்போது சும்மா சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

நிகழ்ச்சி நிரலைச் சில நாள் முன்னால் அவனும் நானும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதிவிடுவோம். போன மாதம் எப்படி, அணிகளின் அறிக்கை, வரும் வாரங்களின் கூட்டங்கள், முகாம். அவ்வளவுதான். நீளமாக இருந்தால் சின்னவர்கள் பாதியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். வாராந்திரக் கூட்டத்தில் எந்த விளையாட்டு, எந்தப் பயிற்சி என்பதோடு, அதை நடத்துவது எந்த அணி என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். பெயர் இல்லாத வேலை யாருடைய வேலையும் இல்லை. கடைசியில் அது பெரியவர்கள் தலையில்தான் விழும்.

வாக்கெடுப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒருமுறை பாதிப் பேர் மலை ஏற வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் நீர்நிலை பக்கம் முகாம் என்றார்கள். கை தூக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். தோற்ற அணிகள் முகம் தொங்கியபடியே முகாமுக்கு வந்திருக்கும். ட்ரூப் லீடர் கை தூக்கச் சொல்லவில்லை. ஏன் அது வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டான். மலைக்கட்சிக்கு வேண்டியது வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிப்பது. எதிர்க்கட்சிக்கு வேண்டியது ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்குவது. அப்புறம் என்ன, ஒரு இடத்தில் தங்கி, பகலில் வழி தேடும் பயணம். இரண்டும் நடந்தது.

இதற்கிடையே என் வேலை பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பது. வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். விடை நமக்குத் தெரிந்திருக்கும்போது அவர்கள் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது உண்மையிலேயே கொடுமை. பாதுகாப்பு என்று வந்தால் மட்டும் தயங்கமாட்டேன்: மேற்பார்வை இல்லாமல் தண்ணீரில் இறங்குவது, பெற்றோர் சம்மதம் வாங்காத பயணம், இயக்கத்தின் விதிக்கு மாறானது. அங்கே 'முடியாது' என்று சொல்லி, காரணத்தையும் சொல்லிவிடுவேன். மற்றபடி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன். "மழை வந்தா?" என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். அவர்கள் போட்ட சமையல் பட்டியல் சுமாராக இருந்தால் தலையிடமாட்டேன். சுமாரான சாப்பாட்டை ஒருநாள் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த பட்டியல் தானாகவே திருந்திவிடும்.

பெரும்பாலான குழுக்கள் கோட்டைவிடுவது கூட்டம் முடிந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். முடிவுகளை எழுதுகிறவன் அன்றே அதைப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். அணித்தலைவன் திரும்பிப் போய், எது ஏற்கப்பட்டது என்பதோடு எது ஏற்கப்படவில்லை, ஏன் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் அவர்களுக்குக் கசக்கிறது. சில தலைவர்கள், "சார் வேணாம்னுட்டார்" என்று பழியை என்மேல் போட்டுத் தப்பிப்பார்கள். அது என் காதுக்கு வந்தால், அடுத்த நிரலின் முதல் வரியாக அதையே எழுதச் சொல்லிவிடுவேன்.