43க்கு 42

பெயரில்தான் சென்னை. 2018-19 ஐ-லீக் கால்பந்து சீசனில் சென்னை சிட்டி அணிக்குச் சொந்த மைதானம் எங்கள் கோவை நேரு ஸ்டேடியம். கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஆட்டம் உள்ள நாளில் மதியமே ஷட்டரை இறக்கிவிட்டு, மகனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவனுக்கு அப்போது பதினோரு வயது.

அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்றார்கள். மூன்று கோல் பெட்ரோ மான்சி அடித்தது. சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள் இருந்தன. ஊரே மான்சி, மான்சி என்றது. என் கண் மட்டும் நம் பிள்ளைகள் மேலேயே இருந்தது: எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் இவர்களை ஸ்பெயின் வீரர்களோடு கலந்து ஆடவிட்டார். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடாமல், காலுக்குக் காலாகக் கடத்தி வருவார்கள். அப்படியொரு ஆட்டத்தை எங்கள் ஊரில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை அங்கும் இங்கும் 2-1 என்று வென்றும் அவர்கள் எங்களை விடவில்லை. கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று எங்களுக்கு 40 புள்ளிகள், அவர்களுக்கு 39. இங்கே முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்கால். இரண்டும் ஒரே நேரத்தில்.

மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. நான் வாங்கித் தந்த கடலையை மகன் பிரிக்கவே இல்லை. 56-ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து கௌரவ் போரா. தடுப்பாட்டக்காரர், கோல் அடிப்பதற்கென்று இறக்கப்பட்டவர் அல்ல. 69-ஆவது நிமிடத்தில் அவர் அடித்தார். பக்கத்து வரிசையில் ஒருவர் கைபேசியில் கோழிக்கோட்டு நிலவரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கோகுலம் முன்னிலை என்றார், கூத்தாடினோம். பிறகு ஈஸ்ட் பெங்கால் சமன் என்றார். அடுத்து, அவர்கள் முந்திவிட்டார்கள் என்றார். இனி இங்கே ஒரு கோல் வாங்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. அந்தச் சில நிமிடங்கள் நான் கடிகாரத்தை மட்டுமே பார்த்தேன். கூடுதல் நேரத்தில் மறுபடியும் போரா அடித்தார். 3-1. முன்பின் தெரியாத ஒரு பெரியவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

43க்கு 42. ஒரே புள்ளி. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீகை வென்றது அதுவே முதல் முறை.

இரண்டு சீசன் கழித்து அந்த அணி ஐ-லீகிலேயே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எட்வின் சென்னையின் எஃப்சி என்ற வேறொரு அணிக்குப் போய், பிறகு அதே ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். அவர் அந்தச் சட்டையில் ஆடுவதை முதன்முறை டிவியில் பார்த்த அன்று, யார் பக்கம் கத்துவது என்று மகன் கேட்டான். எட்வின் பக்கம் என்றேன்.