சாக்கடலில் அப்பா மிதந்த நாள்

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போவார். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு அடுக்கி வந்திருக்கும். அதை உதறிப் பிரித்து ஊறல் தொட்டியில் இறக்குவதுதான் அவர் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். இரவில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

2019 பிப்ரவரியில் சபையாரோடு எருசலேம் போனோம். அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. எங்கள் வீட்டிலிருந்து அம்மா இல்லாமல் நானும் அப்பாவும் மட்டும் போனோம்.

எருசலேமிலிருந்து எரிகோ போகும் சாலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. வழியில் ‘கடல் மட்டம்’ என்று ஒரு பலகை. அதற்குப் பிறகும் பஸ் இறங்கியது, காது அடைத்தது. சாக்கடலின் கரை கடல் மட்டத்துக்குக் கீழே 430 மீட்டருக்கும் அதிகம். உலகில் இதைவிடத் தாழ்ந்த நிலப்பரப்பு கிடையாது. அங்கே சேரும் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. வெயில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தமிழ் வேதாகமத்தில் இதற்கு உப்புக்கடல் என்றே பெயர்.

முதலில் யோர்தான் துறையில் நிறுத்தினார்கள். எத்தனை பாட்டுகளில் பாடியிருக்கிறோம் அந்த ஆற்றை! கண்ணெதிரே கிடந்ததோ நாலு எட்டில் தாண்டிவிடலாம் போன்ற கலங்கிய ஓடை. “இதுதானா அம்மா?” என்று என்னிடம் கேட்டார் அப்பா. இதுதான். 1964இல் இஸ்ரேல், இந்த ஆறு புறப்படும் கலிலேயா ஏரியின் நீரைப் பெரிய குழாய்களில் தெற்கே கொண்டுபோகத் தொடங்கியது. யோர்தானில் சேரும் யார்முக் ஆற்று நீரைச் சிரியாவும் ஜோர்டானும் எடுத்துக்கொள்கின்றன. சாக்கடலுக்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். அதனால் அது ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கடல் பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி உப்பை நல்ல தண்ணீர் கரைத்துவிட, தரை திடீரென்று உள்வாங்கிப் பெரும் பள்ளங்கள் விழுகின்றன. பஸ் ஜன்னலை விட்டு அப்பா முகத்தைத் திருப்பவே இல்லை.

பழைய வேதச் சுருள்கள் கிடைத்த கும்ரானுக்கு அருகே, சாக்கடலின் கலியா கடற்கரையில் இறங்கினோம். முகத்தை நனைக்காதீர்கள், குப்புறப் படுக்காதீர்கள் என்று வழிகாட்டி மூன்று முறை சொன்னார். அப்பா முதல் காரியமாக விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “இது கரிக்கவில்லையே, கசக்கிறதே!” அவர் நாக்கு சொன்னது சரிதான். நம் கடலில் இருப்பது பெரும்பாலும் சமையல் உப்பு. இங்கே மக்னீசியம் குளோரைடுதான் அதிகம். நம் கடல்நீர் ஒரு லிட்டரில் 35 கிராம் உப்பு என்றால் இங்கே 340 கிராம்.

முழங்கால் ஆழத்தில் பின்புறமாக நாற்காலியில் உட்காருவதுபோல் சாய வேண்டும். அப்பா சாய்ந்தார். இரண்டு பாதங்களும் தாமாக மேலே எழும்பி வந்தன. ஒரு லிட்டர் தண்ணீரே 1.24 கிலோ எடை; மனித உடம்பு அதில் அமிழ முடியாது. வழுவழுவென்று எண்ணெய் போன்ற நீரில், வெடிப்பு விழுந்த கறுத்த உள்ளங்கால்களைக் காட்டிக்கொண்டு, கைகளை விரித்து எழுபத்தோரு வயது அப்பா வானத்தைப் பார்த்துக் கிடந்தார். அவர் அப்படிச் சும்மா படுத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

“கை எரிகிறதா அப்பா?”

“எரிகிறது. பழகிய எரிச்சல்தான்.”

கரையில் சேறு பூசிக்கொண்டிருந்தார்கள். நம் ஏரி வண்டலைவிட நைசானது, கருகருவென்று, வெண்ணெய்போல் வழுக்குகிறது. காயக் காயச் சாம்பல் நிறமாகித் தோலை இழுத்துப் பிடிக்கிறது. நான் அவர் முழங்காலில் பூசியபோது அப்பா முகர்ந்து பார்த்து, “சுண்ணாம்புக் குழி வாடை” என்றார். தோலில் மயிர் கழிய, சுண்ணாம்போடு சல்பைடு கலந்து ஊறவைக்கும் குழி அது. இந்தச் சேற்றிலும் கந்தகம் உண்டு. சேறு பூசினால் முழங்கால் வலி போகும் என்றார்கள். எனக்குத் தெரிந்து அன்று மாலை அப்பா படியேறும்போது கொஞ்சம் இலகுவாக ஏறினார், அவ்வளவே.

காயும்வரை உட்கார்ந்திருந்தபோது அப்பா தாமாகப் பேசினார். அவர் சிறுவயதில் நீச்சல் பழகியது பாலாற்றில். எனக்குத் தெரிந்த பாலாறு மணல்தான். இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியதைப் பிறகு 2021 நவம்பரில்தான் பார்த்தேன். தாத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு காலத்துக்குப் பிறகு பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் தோல் கழிவுநீரைச் சுத்திகரித்தாக வேண்டும் என்ற பயம் வந்தது. “நான் உதறிய உப்பெல்லாம் எங்கே போகும் என்று ஒருநாளும் கேட்கவில்லை அம்மா” என்றார். உங்கள் கையில் என்ன இருந்தது அப்பா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

சேறு கழுவக் கரையில் நல்ல தண்ணீர்க் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் திறந்துவிட்டபடி நின்று குளித்தார்கள். அப்பா நனைந்தார், மூடினார். தேய்த்தார். திறந்தார், மறுபடி மூடினார். பக்கத்தில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த குழாயையும் எட்டி மூடிவிட்டுத் துண்டை எடுத்தார்.