கதவோரம் நின்ற பையனும் கட்டம் போட்ட தாளும்

38 வயதில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் எம்.எஸ்சி. சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் ஆய்வேடு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் கேள்வித்தாள் வழியைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு பேரிடம் கொடுத்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. நான் பார்க்க நினைத்ததோ மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டை. அவர்களிடம் கேள்வித்தாளை நீட்டினால் கப்பல் செய்துவிடுவார்கள். அப்படித்தான் உற்றுநோக்கல் முறைக்கு வந்து சேர்ந்தேன்.

இடம், திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடி. அனுமதிக்கு அலுவலகத்துக்கு மூன்று நடை, பெற்றோர் கையெழுத்துக்கு இரண்டு சாயங்காலம்.

வகைப்பாட்டுக்கு மில்ட்ரெட் பார்ட்டனைப் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நேரத்தில் ஒருவராக, ஒரு நிமிடம் பார்த்துக் குறித்து, 1932இல் தன் முடிவுகளை வெளியிட்டவர். எதிலும் சேராமல் இருப்பது, வேடிக்கை பார்ப்பது, தனியாக விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது, திட்டம் போட்டுக் கூட்டாக விளையாடுவது என்று ஆறு வகை. தாளில் கட்டம் போட்டேன். 14 பிள்ளைகளின் வரிசையைத் தினமும் சீட்டுக் குலுக்கி எடுத்தேன். கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம்.

முதல் வாரத்துத் தாள்களை அப்படியே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. நான் உள்ளே நுழைந்ததும் டீச்சர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "மேடத்துக்கு வணக்கம் சொல்லுங்க" என்பார். பாட்டு, கைதட்டல், திரும்பவும் பாட்டு. நிமிடத்துக்கு ஒருவன் என் தாளை எட்டிப் பார்த்து "என்னா எழுதுற?" என்பான். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே ஆள் மாறிவிடுவதற்கு ஹாதார்ன் விளைவு என்று பாடத்தில் பெயர். சிகாகோ பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் 1924இல் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து வந்த பெயர். அந்தப் பழைய தரவே அதை அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை என்று பின்னால் வந்தவர்கள் வாதாடினார்கள். இருக்கட்டும், எனக்கு அங்கன்வாடியே போதுமான சாட்சி. மூலையில் ஒரே இடத்தில், ஒரே பாயில், யாரிடமும் பேசாமல் உட்கார ஆரம்பித்தேன். ஏழாம் நாள் ஒரு பெண் பிள்ளை நான் அங்கே இருப்பதையே மறந்து என் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்துதான் கணக்கு.

ஒரு ஆள் பார்த்தது போதாது. நாத்தனார் மகள் கல்லூரி மாணவி. அவளையும் சில நாள் கூட்டிப் போனேன். வயது கூடக் கூடக் கூட்டாட்டம் கூடும் என்ற என் எதிர்பார்ப்பை அவளிடம் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு தெரிந்தால் பார்ப்பதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 1963இல் ரோசந்தால், ஃபோட் என்ற உளவியலாளர்கள் ஒரே மாதிரி எலிகளை, மாணவர்களில் சிலருக்குக் கெட்டிக்கார எலி என்றும் சிலருக்கு மக்கு எலி என்றும் சொல்லிக் கொடுத்தபோது, கெட்டிக்காரப் பெயர் வாங்கியவை நன்றாக ஓடியதாகவே பதிவானது. நானும் அவளும் தனித்தனியாகக் குறித்ததை ஒப்பிட்டால் 100க்கு 70 ஒத்துப்போனது. பரவாயில்லையே என்று நினைத்தேன். குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதே 40 வரும் என்று கழித்த பிறகு, கோஹனின் கப்பா மதிப்பு (முழுதாக ஒத்துப்போனால் 1) 0.5தான். வழிகாட்டி உதட்டைப் பிதுக்கினார்.

சண்டை எங்கே என்று பார்த்தால், கதவோரம் நிற்கும் ஒரு பையன். காலையில் அரை மணி நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் "வேடிக்கை பார்க்கிறான்" என்று போட்டேன், அவள் "எதிலும் சேரவில்லை" என்று போட்டாள். நான் போதாக்குறைக்கு ஓரத்தில் "கூச்ச சுபாவம்" என்று வேறு எழுதிவைத்திருந்தேன். அவனைக் கூப்பிட வந்த அப்பத்தாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "கூச்சமா? அவனுக்கா? அவுக ஆத்தா நூறு நாள் வேலைக்குப் போற ரோடு அங்க நின்னாத்தேன் தெரியும்த்தா. தலை மறையிற வரைக்கும் பாப்பான்."

எங்கள் இரண்டு பேர் கட்டத்திலும் அது இல்லை. ஓரக்குறிப்பை அடித்தேன். பிள்ளையின் பார்வை மற்ற பிள்ளைகள் மேல் இருந்தால்தான் வேடிக்கை என்று விதியை இறுக்கி எழுதினோம். ஒப்புமை 86க்கு ஏறியது, கப்பா 0.77. ஆனால் பையன் நிற்பது தாளுக்குத் தெரியும், எதற்கு நிற்கிறான் என்பது அப்பத்தாவைக் கேட்டால்தான் தெரியும். எத்தனை நாள் பார்த்திருந்தாலும் அது எனக்குக் கிடைத்திருக்காது.

முறையை நான் குறை சொல்லவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் நான் பார்த்ததைக் கேள்வித்தாளை வைத்து யாரும் பிடித்திருக்க முடியாது. உடைந்த பிளாஸ்டிக் ஸ்டூல் குதிரை. அதன் மேல் பச்சைத் துண்டு சுற்றிய பொம்மை. நாலு பேர் தூக்க, ஒருத்தி பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் பீய்ச்ச, "கோவிந்தா" என்ற சத்தத்தில் ஆயா எழுந்து வந்துவிட்டார். கீழே விரித்த பாய்தான் வைகை. யார் தூக்குவது, எப்போது இறங்குவது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். பார்ட்டனின் ஆறாவது வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த நேரம் சீட்டுப்படி நான் பார்க்க வேண்டியது தனியாகப் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையை! கண் அங்கே இழுத்தாலும் இங்கேதான் பார்த்தேன். சுவாரசியமானதை மட்டும் குறித்தால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். அழகரைத் தனி நோட்டில் எழுதிக்கொண்டேன். மார்கழியில் போயிருந்தால் அந்த நோட்டில் அழகர் வந்திருக்கவே மாட்டார், அதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

கடைசி நாள் பாயைச் சுருட்டும்போது டீச்சர் பொம்மைப் பெட்டியைக் கையில் எடுத்தார். "நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் தெனமும் இத எறக்கி வச்சேன். இனி பரண்ல போட்ரலாம். தொலைச்சா நாந்தானே கணக்குச் சொல்லணும்." பிள்ளைகள் என்னை மறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, டீச்சர் ஒரு நாள்கூட மறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவதாக நான் எண்ணியதில் பெரும்பாதி அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்தது.

ஆய்வேட்டின் குறைபாடுகள் பகுதியில் ஒரு பத்தி கூடியது. வாய்மொழித் தேர்வில் பெட்டியைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டார்கள். கப்பாவை யாரும் தொடவில்லை.